திருகோணமலைக் கடலுக்கு எந்தப் பாய்மரப் படகு? லேசர், என்டர்பிரைஸ், ஜி.பி.14: ஓர் ஒப்பீடு

பாய்மரப் படகு ஓட்டப் பழகிய எவருக்கும் ஒரு கட்டத்தில் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். திருகோணமலையில் அந்த ஆசை கொஞ்சம் சீக்கிரமே வருகிறது. உள்துறைமுகமும் கொட்டியாரக் குடாவும் உப்புவெளிக் கரையும் அவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன. ஆனால் எதை வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வேகமானதை வாங்கு என்பார் ஒருவர், மலிவானதை வாங்கு என்பார் மற்றவர். இரண்டையுமே முதல் அளவுகோலாக வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே படகைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். உங்களோடு வாராவாரம் கடலுக்கு வர ஒரு ஆள் இருக்கிறாரா? படகு உடைந்தால் இந்த ஊரிலேயே அதைச் சரிசெய்ய முடியுமா? வாடைக் காலம் முழுவதும் அதை எங்கே வைக்கப்போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

இலங்கையில் பல ஆண்டுகளாக ஓடும் சிறு படகுகளில் பெரியவர்களுக்குப் பொருந்துபவை முக்கியமாக மூன்று: ஒருவர் ஓட்டும் லேசர், இருவர் ஓட்டும் என்டர்பிரைஸ், அதைவிடச் சற்றுப் பெரிய ஜி.பி.14. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நம்பத்தக்க கூட்டாளி ஒருவர் இருந்தால், திருகோணமலைக்கு பைபரில் செய்த என்டர்பிரைஸ்தான் சிறந்தது. கூட்டாளி இல்லையென்றால் லேசர், அதுவும் நடுத்தரப் பாயோடு. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போக விரும்பும் குடும்பத்துக்கு ஜி.பி.14. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்த ஊரின் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை இங்கே வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. மீனவர்கள் சோளகம் என்றும் கச்சான் என்றும் திசையைப் பார்த்துச் சொல்வார்கள். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலைகளைத் தாண்டி வருவதால் அது நம்மிடம் வரும்போது காய்ந்து, சூடேறி, விட்டுவிட்டு அடிக்கிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் கிழக்கைப் பார்த்திருப்பதால் இந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. கரையோரத்தில் அலை படுத்துக் கிடக்கும். தொடக்கக்காரரின் கண்ணுக்கு அது குளம்போலத் தெரியும். உண்மையில் இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை. கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தாமதமானால் ஒவ்வொரு நிமிடமும் காற்று உங்களை வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். கரையிலிருந்து விலக விலக அலையும் உயரும். அதனால் இந்தக் காலத்தில் எந்தப் படகு வைத்திருந்தாலும் இயந்திரப் படகு ஒன்று துணைக்கு இல்லாமல் திறந்த கரையிலிருந்து இறங்கக் கூடாது. கவிழ்ந்தபின் எவ்வளவு விரைவாக மீண்டும் ஓடத் தொடங்கலாம் என்பதும் படகைத் தேர்வதில் ஒரு பெரிய காரணமாகிறது.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. அப்போது திறந்த கரையில் அலை உடைந்து அடிக்கும். சிறு படகை அதன் ஊடே இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உள்துறைமுகம் மட்டும் அந்தக் காலத்திலும் ஓரளவு அடக்கமாக இருக்கும். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நம் ஊரைச் சொல்வது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. குன்றுகளும் முனைகளும் நாலாபுறமும் சூழ்ந்திருக்கின்றன. ஆனால் அதே குன்றுகள் காற்றைக் கலைத்தும் விடுகின்றன. ஒரு முனையைத் தாண்டியதும் காற்று முற்றாக நின்று, அடுத்த நொடி வேறு திசையிலிருந்து அடிக்கும். அதோடு துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படைக்கும் துறைமுக அதிகார சபைக்கும் உரியது. எங்கே இறக்கலாம், எதுவரை போகலாம் என்று அனுமதி பெற்றுத்தான் ஓட வேண்டும்.

போட்டிக்காரருக்கு இங்கே ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கிலாந்தின் கரைகளில் எந்த மணிக்கு நீர் ஏறும், எந்த மணிக்கு எந்தப் பக்கம் இழுக்கும் என்ற அட்டவணையைப் பார்த்தே போட்டி நேரத்தை வைப்பார்கள். நமக்கு அந்தக் கவலை மிகக் குறைவு. காற்றை வாசிக்கத் தெரிந்தால் போதும். ஒரே நாளில் காலையில் ஒரு காற்றும் பிற்பகலில் இன்னொரு காற்றும் வரும் ஊர் இது. காற்று மாறுவதை முதலில் கண்டுகொள்பவரே முந்துவார்.

இனிப் படகுகளுக்கு வருவோம்.

லேசரை வரைந்தவர் கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி. 1969இல் ஒரு தொலைபேசி உரையாடலின்போது கிறுக்கிய படம்தான் அதன் தொடக்கம். இன்றுவரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட லேசர்கள் உலகெங்கும் கட்டப்பட்டிருக்கின்றன. 4.2 மீற்றர் நீளம், உடல் எடை சுமார் 59 கிலோ. இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டும் பாய்மரம், ஒரே பாய். பாய்மரத்தைத் தாங்கக் கம்பிகள் எதுவும் கிடையாது. பதினைந்து நிமிடத்தில் பூட்டி இறக்கிவிடலாம். 2019 முதல் அதன் அதிகாரபூர்வப் பெயர் ஐ.எல்.சி.ஏ. ஆனாலும் கரையில் எல்லோரும் இன்னும் லேசர் என்றே சொல்கிறார்கள்.

அதன் பெரிய பலம், ஒரே உடலுக்கு மூன்று பாய்கள் உண்டு என்பது. பெரியது 7.06 சதுர மீற்றர், நடுத்தரமானது 5.76, சிறியது 4.7. பாயோடு பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றினால் போதும். எண்பது கிலோவுக்கு மேல் இருப்பவருக்குப் பெரியது, அறுபது எழுபது கிலோக்காரருக்கு நடுத்தரமானது, பதின்ம வயதுப் பிள்ளைக்குச் சிறியது. அண்ணனும் தங்கையும் ஒரே படகை வெவ்வேறு பாயோடு ஓட்டலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து பெரிய பாயும், 2008 பெய்ஜிங்கிலிருந்து பெண்களுக்கு நடுத்தரப் பாயும் ஒலிம்பிக்கில் இருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனும் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டியது இந்தப் படகைத்தான். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஷ்ணு வெண்கலம் வென்றதும் இதில்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் இடமில்லை என்று நினைக்கும் பெற்றோருக்கு இந்த இரண்டு பெயர்களையும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

கவிழ்ந்தாலும் லேசரில் பெரிய வேலை இல்லை. உடல் முழுவதும் மூடப்பட்டது. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பலகையில் ஏறி நின்று எடையைக் கொடுத்தால் நிமிர்ந்துவிடும். காலடிப் பள்ளத்தில் தேங்கிய சிறிதளவு தண்ணீர் ஓடத் தொடங்கியதும் தானாக வடிந்துவிடும். கடலுக்குள் தள்ளும் கச்சானில் இது உயிரைக் காக்கும் குணம்.

குறையும் அதே எளிமையில்தான் இருக்கிறது. காற்று எகிறும்போது படகைச் சமன் செய்ய உங்கள் உடல் மட்டுமே உண்டு. காலைப் பட்டியில் மாட்டி, ஓரத்துக்கு வெளியே உடலைச் சாய்த்து, தொடையும் வயிறும் எரிய எரிய நிற்க வேண்டும். விட்டுவிட்டு அடிக்கும் நம் காற்றில் ஒரு நொடி வெளியே தொங்கி அடுத்த நொடி உள்ளே பாய்ந்து வர வேண்டியிருக்கும். நாற்பது வயதுக்கு மேல் விளையாட்டைத் தொடங்குபவரின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இது கடுமையான சோதனை. உடல் தயாராக இல்லாதவர் பெரிய பாயோடு தொடங்கவே வேண்டாம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் நடுத்தரப் பாயில் மகிழ்ச்சியாக ஓடுவார். பெரிய பாயில் அவர் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பார்.

இன்னொரு சிக்கல் உதிரிப் பாகங்கள். லேசரின் விதிகள் இறுக்கமானவை. அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளரின் பாய், பாய்மரம், பலகை இல்லாமல் அந்த வகுப்பின் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஓட முடியாது. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பாயின் மாதிரியைப் பார்த்து வேறு தையலகங்கள் தைக்கும் மலிவான பாய்களும் கிடைக்கின்றன. உள்ளூர்ப் பழக்கத்துக்கும் நட்புப் போட்டிக்கும் அவை தாராளமாகப் போதும். தேசிய அளவில் போட்டியிடும் எண்ணம் இருந்தால் நல்ல பாயை மடித்துக் கசக்காமல் சுருட்டி வைத்து, அந்த நாளுக்கு மட்டும் எடுங்கள்.

என்டர்பிரைஸ் வேறு மாதிரி. இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் 1956இல் வரைந்த படகு இது. நியூஸ் குரோனிக்கிள் நாளிதழ் அதற்கு ஆதரவு கொடுத்தது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே இரண்டு என்டர்பிரைஸ்கள் ஆங்கிலக் கால்வாயை இரவோடிரவாகக் கடந்து காட்டின. 4.04 மீற்றர் நீளம், 1.6 மீற்றர் அகலம், எடை சுமார் 94 கிலோ. பெரும்பாயும் முன்பாயும் சேர்த்து ஏறத்தாழ 10.5 சதுர மீற்றர். நீலப் பாய்தான் அதன் அடையாளம். தொலைவிலிருந்தே தெரியும்.

இருவர் ஓட்டும் படகுகளில் இதை நான் முன்வைப்பதற்கு முதல் காரணம், இதில் ஸ்பின்னேக்கர் எனப்படும் பெரிய பலூன் பாய் கிடையாது. புதிதாக ஒரு கூட்டாளியைப் பழக்கும்போது அந்தப் பாய் இல்லாதது பெரிய நிம்மதி. சுக்கான் பிடிப்பவர் பெரும்பாயையும் திசையையும் பார்ப்பார். முன்னால் இருப்பவர் முன்பாயையும் நடுப்பலகையையும் பார்ப்பார். இரண்டு வாரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லாமலே கை நகரத் தொடங்கும். இரண்டாவது காரணம், எடை இருவருக்கும் பகிர்கிறது. இருவரும் சேர்ந்து 125 முதல் 140 கிலோ இருந்தால் போட்டிக்கு மிகப் பொருத்தம். நம் ஊரின் சராசரி உடல்வாகுக்கு இது அளவெடுத்தாற்போல இருக்கிறது. கணவனும் மனைவியும், அப்பாவும் மகளும், இரண்டு நண்பர்களும் இந்த அளவுக்குள் வந்துவிடுவார்கள். மூன்றாவது காரணம், ஓட்டத் தெரிந்தவரோடு தெரியாதவரும் ஏறி ஓடலாம். லேசரில் ஒருவரைப் பழக்க வேண்டுமென்றால் கரையில் நின்று கத்தத்தான் முடியும். என்டர்பிரைஸில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கலாம். இந்த ஊரில் இந்த விளையாட்டு வளர வேண்டும் என்று விரும்பும் எனக்கு இது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம்.

அதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய என்டர்பிரைஸ் கவிழ்ந்து நிமிர்ந்தால் உள்ளே ஏராளமான தண்ணீரோடு நிமிரும். காற்றுப் பைகள் சரியாகக் கட்டப்படாத படகு என்றால் ஓரம் வரை தண்ணீர் நிற்கும். வாளியால் இறைத்தாலும் அடுத்த அலை உள்ளே வரும். கச்சான் காலத்தில் இப்படியொரு படகு கரையிலிருந்து விலகிக்கொண்டே போவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே வாங்கும் முன் ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்க வேண்டும். காற்றறைகள் கசியாமல் இருக்கின்றனவா, நிமிர்ந்தபின் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அடியில் உள்ள வடிகால் திறந்து மூடுகிறதா என்று பார்த்தபின்தான் பணம் கொடுக்க வேண்டும். இரட்டைத் தளம் கொண்ட பிற்கால பைபர் உடல்களில் இந்தச் சிக்கல் மிகவும் குறைவு.

கூட்டாளி வராத சனிக்கிழமை என்ன செய்வது என்பதும் உண்மையான கேள்விதான். மென்காற்றில் என்டர்பிரைஸைப் பெரும்பாயோடு மட்டும் ஒருவரே ஓட்டலாம், பழக்கத்துக்கு மட்டும். போட்டிக்கு ஆள் வேண்டும். கூட்டாளியை முதலில் தேடுங்கள், படகைப் பிறகு தேடுங்கள்.

ஜி.பி.14 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதுவும் ஜாக் ஹோல்ட் வரைந்ததுதான், 1949இல். பாயில் ஒரு மணியின் சின்னம் இருக்கும். 4.27 மீற்றர், 133 கிலோ. கனமானது, நிதானமானது, மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மார்பிள் கடற்கரைப் பக்கம் போய் வரலாம். போட்டியில் ஸ்பின்னேக்கரும் உண்டு. காற்று பலமாக இருக்கும்போது மற்ற இரண்டையும் விட நம்பிக்கை தரும். ஆனால் உப்புவெளி மணலில் அந்த எடையை இழுத்து ஏற்ற நாலு பேர் வேண்டும். சிமெந்துச் சரிவு உள்ள இடத்தில் படகு வைக்க வசதி இருந்தால் மட்டுமே இதை நினையுங்கள். பிள்ளைகளுக்கான ஆப்டிமிஸ்ட் தனிக் கதை. 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்த 2.3 மீற்றர் நீளச் சதுர மூக்குப் படகு அது. பதினைந்து வயது வரை அதுவே போதும், பெரியவரின் படகில் அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம்.

படகு எது என்று முடிவானபின் மரமா, பைபரா என்ற கேள்வி வருகிறது. இதில்தான் திருகோணமலை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது என்று நினைக்கிறேன். இங்கே மீன்பிடி வள்ளங்களில் பெரும்பாலானவை பைபரால் ஆனவை. கிண்ணியாவிலும் மூதூரிலும் கரையோரக் கிராமங்களிலும் பைபர் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ரெசினும் கண்ணாடி நார் விரிப்பும் கடையில் கிடைக்கும். ஓட்டை விழுந்த வள்ளத்தை அவர்கள் இரண்டு நாளில் கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு போட்டிப் படகுக்கு உள்ளூரில் இப்படியான கைகள் இருப்பது பெரிய செல்வம்.

ஆனால் வள்ளத்துக்கும் போட்டிப் படகுக்கும் வேலை முறை வேறு. வள்ளத்துக்குத் தடிப்பே பலம். இயந்திரத்தையும் வலையையும் மீனையும் தாங்க வேண்டும், மணலில் உரசி ஏற வேண்டும். போட்டிப் படகுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பழுதுபார்ப்பவர் பாசத்தோடு நான்கு விரிப்பைப் போட்டு உறுதியாக்கிவிட்டால் லேசரின் மூக்கு கனத்துவிடும். கிண்ணியாவில் இந்த வேலையில் ஊறிய நானா ஒருவர் எனக்குச் சொன்னது இன்றும் நான் பின்பற்றும் விதி: “தம்பி, ஒட்டுவது கடைசி வேலை. முதலில் காய விடுங்கள், பிறகு தேய்த்துச் சரிவாக்குங்கள். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் ஒருநாள் உரிந்து வரும்.” உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, பழைய தடிப்புக்கு மேல் போகாமல் விரிப்பை வைத்து, மேலே ஜெல்கோட் எனப்படும் வெளிப்பூச்சைப் பூசித் தேய்த்து வழுவழுப்பாக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் படகை நிறுத்துப் பார்த்து எடையைச் சொல்லிவிட்டால் அவர்களே புரிந்துகொள்கிறார்கள்.

மரப் படகின் அழகை நான் மறுக்கவில்லை. வார்னிஷ் பூசிய ஒட்டுப்பலகை என்டர்பிரைஸ் ஒன்றைக் காலை வெயிலில் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை போகாது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய எச்.எம்.எஸ். திருகோணமலை என்ற போர்க்கப்பலை இங்கே நினைவுகூரலாம். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தின் கப்பல் தளத்தில் தேக்கில் கட்டப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல மரத்துக்குப் பராமரிப்பு கிடைத்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் சிறு படகில் இருப்பது தடித்த தேக்குப் பலகை இல்லை, சில மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. அதன் எதிரி கடல்நீரைவிட மழைநீர்தான். உப்புநீரில் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சை எளிதில் வளராது. தேங்கிய நன்னீரில் வேகமாக வளரும். வாடை மழையில் மூலையில் ஒரு கை அளவு தண்ணீர் தேங்கினால், மாசியில் அந்த மூலையில் திருப்புளி மெத்தென்று இறங்கும். தரையில் நேராக வைத்தால் கறையான் வேறு. மரப் படகு வேண்டுமென்றால் கூரையுள்ள இடமும், ஆண்டுதோறும் ஒரு வாரம் தேய்க்கவும் பூசவும் மனமும் வேண்டும். இரண்டும் உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். நல்ல தச்சர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, ஒட்டுப்பலகையை வெட்டி ஒட்டும் வேலையை அவர்கள் நுணுக்கமாகச் செய்வார்கள்.

பைபரானாலும் மரமானாலும் இங்கே படகை அதிகம் தின்பது வெயிலும் உப்பும்தான். ஓடி முடித்ததும் நன்னீரால் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர்ப்பாக இருப்பதால் குழாய்நீரோ சேமித்த மழைநீரோ நல்லது. பாயை வெயிலில் படபடக்க விட்டுக் காயவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். துணியின் உயிரை அந்தப் படபடப்புத்தான் எடுக்கிறது. நிழலில் விரித்துக் காயவைத்துச் சுருட்டுங்கள். கயிறுகளையும் மூடி வைக்க வேண்டும். படகின் முன்பக்கமான அணியத்தைச் சற்று உயர்த்தி, வடிகால் மூடியைத் திறந்து, காற்றறை மூடிகளைக் கழற்றி வைத்தால் உள்ளே ஈரம் நிற்காது. அலுமினியப் பாய்மரத்தில் துருப்பிடிக்கா எஃகு ஆணி அடித்திருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி கண்டால் கவனியுங்கள். இரண்டு உலோகங்களும் உப்புநீரும் சேரும்போது அலுமினியம் கரைகிறது. இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை வைத்து ஆணியை மாற்றிவிடலாம். லேசரின் மேல்துண்டுப் பாய்மரம் வளைவதும் முறிவதும் பெரும்பாலும் கீழ்த்துண்டோடு சேரும் இடத்திலுள்ள கழுத்து வளையத்தைப் பூட்டிய ஆணியின் துளையில்தான்.

பாய்மரம் முறிய இன்னொரு காரணமும் இங்கே உண்டு. கொட்டியாரக் குடாவின் நடுவே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழமாக இறங்குகிறது. ஆனால் ஆறுகள் மண் கொண்டுவந்து சேர்க்கும் ஓரங்களும் தம்பலகாமக் குடாவும் ஆழமில்லாதவை. அங்கே கவிழ்ந்த படகு முழுவதும் தலைகீழானால் பாய்மரத்தின் நுனி சேற்றில் செருகும். அலை உடலைத் தூக்க, மரம் வளையும். பழகும் காலத்தில் பாயின் உச்சியில் சிறு மிதவை ஒன்றைக் கட்டிவிட்டால் படகு பக்கவாட்டிலேயே நிற்கும், நிமிர்த்துவதும் எளிது.

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். போல்கொடை ஏரியில் சிலோன் மோட்டார் யொட் கிளப் போன்ற பழைய கழகங்கள் இருப்பது அந்தப் பக்கம்தான். லேசரில் பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் நிரப்பி அரை மணி விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் குழி கசிகிறது, ஒருநாள் அந்த இடமே பிளக்கும். மேல்தளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று போனால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. கட்டாயம் நிறுத்துப் பாருங்கள். தண்ணீர் குடித்த உடல் அறுபது கிலோவைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். என்டர்பிரைஸில் நடுப்பலகை செருகும் பெட்டி தளத்தோடு சேரும் இடத்தையும், பின்பலகையின் மூலைகளையும், பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் தகடுகளையும் பாருங்கள். கம்பியின் மேல் ஒரு பஞ்சைத் தேய்த்துக்கொண்டு போனால் அறுந்த இழை இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். சிக்கினால் கம்பியை மாற்றச் செலவாகும் பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள்.

போட்டியில் எந்தப் படகுக்கு அனுகூலம் என்று கேட்பவர்களுக்கு: வெவ்வேறு படகுகள் சேர்ந்து ஓடும்போது போர்ட்ஸ்மத் எண் என்ற கணக்கு உண்டு. ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்தப் படகின் எண்ணால் வகுப்பார்கள். பெரிய பாய் லேசருக்கு ஏறத்தாழ 1100, என்டர்பிரைஸுக்கு ஏறத்தாழ 1120, ஜி.பி.14க்கு ஏறத்தாழ 1130. அவ்வப்போது சற்று மாறும். லேசர் ஐம்பது நிமிடத்தில் முடித்தால் என்டர்பிரைஸ் சுமார் ஐம்பத்தைந்து நொடி தாமதித்து வந்தாலும் சமன். ஆக மூன்றும் ஏறக்குறைய ஒரே வேகம். வேகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணமும் இதுதான். எண் கணக்கில் வெல்வதைவிட, ஒரேவகைப் படகுகள் அருகருகே உரசிக்கொண்டு போகும் போட்டியில்தான் உண்மையான இன்பமும் பாடமும் இருக்கின்றன. ஆகவே ஏற்கெனவே உங்கள் கரையில் இரண்டு லேசர்கள் இருந்தால், நான் சொன்ன எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவது லேசரை வாங்குங்கள். போட்டி தொடங்க ஐந்து நிமிடம், நான்கு, ஒன்று, பூச்சியம் என்று தொடக்கக் கொடிகள் ஏறி இறங்கும்போது கோட்டில் பக்கத்தில் இன்னொரு படகு வேண்டும்.

வாங்குவதற்கு நல்ல காலம் தை, மாசி. வாடை ஓயும் முன் படகு வந்து சேர்ந்தால் பழுதுகளைப் பார்த்து முடிக்கலாம். பங்குனி, சித்திரையில் காற்று மென்மையாக இருக்கும்போது இருவரும் பழகலாம், கச்சான் தொடங்கும்போது கை தயாராக இருக்கும். இருவர் பணம் போட்டு வாங்குவதென்றால் வாங்கும் முன்னரே ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் இடுங்கள்: சுக்கான் பிடிப்பது யார், மாறி மாறியா; பாய் கிழிந்தால் செலவு எப்படிப் பிரியும்; ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அவருடைய பங்கை என்ன விலைக்கு மற்றவர் எடுத்துக்கொள்வார்; வாடைக் காலத்தில் யார் வீட்டு முற்றத்தில் படகு கவிழ்த்துக் கட்டி வைக்கப்படும்.